ஆய்வுக்கூடத்துப் பின்வாசல் வழியே

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்று ஓர் ஊர். ஊருக்கு வெளியே, ஆடு மேயும் நிலத்துக்கு நடுவில், 64 மீட்டர் அகலத் தட்டோடு ஒரு ரேடியோ தொலைநோக்கி அண்ணாந்து நிற்கிறது. 1969இல் மனிதர் நிலாவில் நடந்த காட்சியை உலகம் டிவியில் பார்த்ததே, அதில் பெரும்பங்கு இது வாங்கித் தந்த படங்கள்தான். அப்பேர்ப்பட்ட தொலைநோக்கியைப் பதினேழு வருஷம் அலைக்கழித்தது எது தெரியுமா? சாப்பாடு சூடுபண்ணுகிற மைக்ரோவேவ் அடுப்பு!

இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு உற்சாகம் குறைவதில்லை. கேளுங்கள். 1998 முதல் அவ்வப்போது அந்தத் தொலைநோக்கியில் ஒரு விசித்திரமான சிக்னல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான் இருக்கும், அப்புறம் போய்விடும். இதற்கிடையில் 2007இல் ஒரு பெரிய சங்கதி நடந்தது. அதே தொலைநோக்கி 2001இல் பதிவுசெய்து வைத்திருந்த டேட்டாவைத் துழாவியவர்கள், நம் பால்வீதிக்கு வெகு அப்பாலிருந்து வந்த ஓர் அதிவேக ரேடியோ வெடிப்பைக் கண்டுபிடித்தார்கள். வானியலில் புதுக் கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த விசித்திர சிக்னலும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இதே சாயல்! அப்படியானால் அந்த வெடிப்பும் நிஜமா, இல்லை இங்கேயே பக்கத்தில் எதுவோ செய்யும் சேட்டையா? 2011இல் இந்தப் புதிர் சிக்னலுக்குப் பெரிடான் என்று பெயர் வைத்தார்கள். அது போர்ஹெஸின் புத்தகத்தில் வரும் கற்பனை மிருகம். இறக்கை முளைத்த மான், ஆனால் தரையில் விழுவது மனித நிழல். வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எமிலி பெட்ராஃப் அப்போது முனைவர் பட்ட மாணவி. அவரும் கூட்டாளிகளும் தேதி, நேரம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள். பெரிடான்கள் ராத்திரியில் வருவதில்லை. வேலை நாளில், பகலில், அதுவும் மதியச் சாப்பாட்டு வேளையை ஒட்டி வருகின்றன! வானத்துக்கு ஏது லஞ்ச் டைம்? 2015 ஜனவரியில் மூன்று பெரிடான்கள் விழுந்தன. சுற்றுவட்டார இரைச்சலைக் கண்காணிக்க அப்போதுதான் புதிதாக வைத்திருந்த கருவியைப் பார்த்தால், அதே நொடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துள்ளல். மைக்ரோவேவ் அடுப்பு வேலைசெய்யும் அலைவரிசை அது. சரி, அகப்பட்டுவிட்டது என்று அடுப்பை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அப்புறம் மார்ச் மாதம் இன்னொரு வழியை முயன்றார்கள். அடுப்பு ‘டிங்’ என்று நிற்பதற்கு முன்பே கதவைப் படக்கென்று திறந்தார்கள். விழுந்தது பெரிடான்! பசி பொறுக்காமல் யாரோ கதவை இழுக்கும்போதெல்லாம், உள்ளே மேக்னட்ரான் அணைகிற அந்தக் கணத்தில் ஒரு கீற்று வெளியே தப்பித்து, தொலைநோக்கியின் தட்டில் போய் விழுந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் இதைச் சொல்லாமல் அடுப்பை மட்டும் மாற்றியிருப்பார்கள். இவர்கள் கட்டுரை எழுதி வெளியிட்டார்கள். அதனால்தான் எனக்கு இவர்களை இவ்வளவு பிடிக்கிறது. அந்தக் கட்டுரையால் இன்னொரு நன்மையும் விளைந்தது. பெரிடான் வேறு, வானத்து வெடிப்பு வேறு என்று பிரித்துக் காட்ட முடிந்தது. 2020இல் நம் பால்வீதிக்குள்ளேயே ஒரு காந்த விண்மீனிலிருந்து அதேபோன்ற வெடிப்பு பதிவாகி, அந்தப் புதுக்கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கும் ஒரு துப்பு கிடைத்தது.

எந்தத் துறை ஆராய்ச்சியாளரோடும் கேண்டீனில் டீ குடிக்க உட்காருங்கள். வானியலோ வரலாறோ, முதலில் கொஞ்ச நேரம் கைடைப் பற்றி, ஃபெல்லோஷிப்பைப் பற்றிப் பேச்சு ஓடும். இரண்டாவது டீக்கு மேல் அடிமனசுக் கவலை வெளியே வரும்: “நான் பார்த்தது நிஜமா, இல்லை என் தப்பா?” எல்லாத் துறைக்கும் பொதுவான கவலை இதுதான். மற்றக் கவலைகளெல்லாம் இதைச் சுற்றித்தான் முளைக்கின்றன.

நியூட்ரினோ ஒளியை முந்திவிட்டது என்று 2011இல் உலகமே அலறியது நினைவிருக்கிறதா? ஜெனீவாவின் செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு, 60 நானோ நொடி முன்னதாக வந்து சேர்ந்ததாகக் கணக்கு. மாதக்கணக்கில் தேடிப் பார்த்தால், சரியாகச் சொருகாத ஃபைபர் கேபிள் ஒன்று!

மரபணு ஆராய்ச்சியில் இதைவிடக் கூத்து. ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்கிற குறிப்பெயரில் நிஜமாகவே மரபணுக்கள் இருந்தன. எக்செல்லில் அடித்த மாத்திரத்தில் அது தேதியாக மாறிவிடும். ஆயிரம் மரபணுப் பெயர்களுக்கு நடுவே கமுக்கமாக ஒரு மார்ச் முதல் தேதி உட்கார்ந்திருக்கும், எவர் கண்ணிலும் படாது. எக்செல் பட்டியல் இணைத்த மரபணுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். மென்பொருளை மாற்ற வழியில்லாமல், 2020இல் மரபணுக்களின் குறிப்பெயரையே மாற்றிவிட்டார்கள். ‘செப்ட்’ இப்போது ‘செப்டின்’. மனித உடலின் மரபணுவுக்கே எக்செல்லுக்காகப் பெயர் மாற்றம் நடந்த காலத்தில் வாழ்கிறோம்!

பொருளாதாரத்துக்கும் எக்செல் கதை உண்டு. அரசின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரிய பொருளாதார அறிஞர்கள் 2010இல் எழுதினார்கள். அரசுகள் செலவைச் சுருக்க இதை மேற்கோள் காட்டின. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்பில் கொடுத்த பயிற்சிக்காக இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை பொருந்தவில்லை. தன் தப்பு என்றுதான் முதலில் நினைத்தார், பாவம். கடைசியில் மூல எக்செல் கோப்பையே கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன! அதையும் சேர்த்து, விட்டுப்போன வேறு தரவுகளையும் எடை போட்ட முறையையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 என்றிருந்த வளர்ச்சி 2.2 சதவீதம் ஆனது. எக்செல் பிழையை அறிஞர்கள் இருவரும் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அடிப்படைக் கருத்தில் மாற்றமில்லை என்றார்கள். கேட்டதும் கோப்பை எடுத்துக் கொடுத்தார்களே, அது பெரிய மனசு.

நம்முடைய ஏட்டுச்சுவடிக்காரர்களுக்கு இந்தக் கவலை எக்செல் பிறப்பதற்கு முன்பே உண்டு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா, வித்தியாசம் காட்ட மாட்டார்கள். நெடிலுக்குப் போடுகிற காலும் ரகரமும் ஒரே வடிவம். ஒரு வரியை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: ‘காடு’ என்று படித்தாலும் சரி, ‘கரடு’ என்று படித்தாலும் சரி! எது சரி என்று யாரைப் போய்க் கேட்பது? பாடினவர் போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னொரு ஏடு கிடைத்தால் ஒப்பிடலாம், அதை எழுதினவரும் இதே ஏட்டைப் பார்த்துத் தப்பும் தவறுமாகக் காப்பி அடித்திருந்தால்? கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்தார் என்றால், அதற்குப் பின்னால் ஊர் ஊராய் ஏடு தேடி, பாடபேதம் பார்த்துக் கழித்த வருஷங்கள் இருக்கின்றன. இன்றைக்கும் சுவடி நூலகத்துக்குள் நுழைந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை மூக்கைத் துளைக்கும். ஓலை நொறுங்காமலிருக்கத் தடவுவது அது. அந்த வாசனைக்கு நான் அடிமை.

ஓலைக்காரருக்குப் பூச்சி பயம் என்றால், உயிரியல்காரருக்கு மைனஸ் 80 ஃப்ரீசர் பயம். 2020இல் அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக்கில் ஒரு ஃப்ரீசர் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. பழுதுபார்க்க ஆள் வர நாளாகும், சாம்பிள் பத்திரமாக இருக்கிறது, சத்தம் தொல்லையானால் இந்தப் பட்டனை அழுத்துங்கள் என்று ஆய்வகத்தார் எழுதி ஒட்டியிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர் உதவி செய்வதாக நினைத்து மின்சார பிரேக்கரையே தள்ளிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சி உருகிப்போனது. இதைக் கேட்ட எந்த லேப்காரரும் ஒரு நிமிஷம் பேசமாட்டார். எழுந்து போய்த் தன் ஃப்ரீசரைப் பார்த்துவிட்டு வருவார்.

சரி, வேலை முடிந்து கட்டுரை எழுதி அனுப்பியாகிவிட்டது. இனி அதைச் சரிபார்க்கும் ரிவியூவர் கையில் இருக்கிறது தலையெழுத்து. அந்த முகம் தெரியாத மனிதருக்குச் சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. அவரைத் திட்டாத ஆராய்ச்சியாளர் கிடையாது, ஐன்ஸ்டைன் உட்பட! 1936இல் அவரும் நாதன் ரோசனும் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஈர்ப்பலை என்று ஒன்று கிடையாது என்பது அதன் முடிவு. ஆசிரியர் ஜான் டேட் அதை ஒரு நிபுணருக்கு அனுப்ப, பத்துப் பக்கத்துக்குக் குறை எழுதி வந்தது. ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம்! அச்சுப்போடக் கொடுத்ததை அடுத்தவரிடம் காட்ட யார் சொன்னது என்று எழுதி, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் தித்திப்பு. குறை எழுதியவர் ஹோவர்ட் ராபர்ட்சன், ஐன்ஸ்டைன் இருந்த அதே பிரின்ஸ்டனில் வேலை பார்த்தவர். ஐன்ஸ்டைனின் புது உதவியாளர் இன்ஃபெல்டோடு சிநேகமாகி, தான்தான் அந்த ரிவியூவர் என்று மூச்சே விடாமல், தப்பு எங்கே என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். ஐன்ஸ்டைன் முடிவை மாற்றினார், 1937இல் வேறொரு இதழில் திருத்திய கட்டுரை வந்தது. ராபர்ட்சனின் பெயர் 2005இல்தான் வெளியே தெரிந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் ஈர்ப்பலையைப் பிடித்தன. ரிவியூவர் மேல் கோபம் வரும்போதெல்லாம் ராபர்ட்சனை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்காலர் பிள்ளைகளிடம் சொல்வேன்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்பது துறைதோறும் நடக்கிற சண்டை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய ஒரு கட்டுரையில் 5,154 பேர் பெயர். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் பெயர்ப்பட்டியல்! இந்தப் பக்கம் 1975இல் மிச்சிகன் இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் ஒற்றை ஆளாகக் கட்டுரை எழுதினார், ஆனால் முழுக்க ‘நாங்கள்’ என்று போட்டுவிட்டார். தனியாள் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்றார் நண்பர். கம்ப்யூட்டரில் திருத்துகிற வசதி இல்லாத காலம், எல்லாவற்றையும் திரும்பத் தட்டச்ச வேண்டும். அவர் தன் சயாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை அச்சாகியும்விட்டது!

பணத்துக்கு வருவோம். இங்கே என் உற்சாகம் கொஞ்சம் வடிகிறது. 2012இல் ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதவே அந்நாட்டு ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் 550 வருஷம் வருகிறது. நிதி கிடைத்தது ஐந்தில் ஒருவருக்கு. காடலின் காரிகோ என்ற ஆராய்ச்சியாளரின் ஆர்.என்.ஏ. யோசனைக்கு நிதி கிடைக்காததால், 1995இல் அவருடைய பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கம் செய்தது. அவர் விடவில்லை. 2005இல் ட்ரூ வைஸ்மனோடு எழுதிய கட்டுரையும் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. ஆர்.என்.ஏ. வகைக் கொரோனாத் தடுப்பூசி அதிலிருந்துதான் வந்தது, 2023இல் நோபல் பரிசும் வந்தது. அவர் பிடிவாதக்காரர், பிழைத்தார். நடுவிலேயே மூட்டை கட்டியவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

இங்கே இந்தியாவில் ஆராய்ச்சி மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000. நல்ல உயர்வுதான், வரவேற்கிறேன். ஆனால் மாதச் சம்பளம் மாதாமாதம் வந்தால்தானே சம்பளம்? வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் நண்பரிடம் கடன் வாங்கி, நிலுவை எப்போது விழும் என்று வங்கிக் குறுஞ்செய்திக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை எந்த வளாகத்திலும் பார்க்கலாம். இன்னொரு பக்கம் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 முதல் அரசுக் கல்லூரி மாணவரும் சுமார் 13,000 இதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். ஒரு கட்டுரை வேண்டுமென்று வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மெயில் போட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

ஒன்றுதான் பாக்கி. சரிபார்ப்பவருக்கு ஒரு மரியாதை வேண்டும். 2015இல் பிரையன் நோசெக் தலைமையில் 270 பேர் சேர்ந்து, உளவியலில் அச்சான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் நல்ல முடிவு காட்டியவை. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது வந்தது. உளவியலுக்கே தலைகுனிவு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது அந்தத் துறையின் பொன்னாளாகத்தான் படுகிறது. தன் வீட்டைத் தானே சோதனை போட்டவர்கள் அவர்கள். அந்த வேலைக்கும் ஃபெல்லோஷிப் கொடுங்கள், பதவி உயர்வில் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள், பழைய ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தேன் என்று ஒரு மாணவர் வந்தால் பட்டம் கொடுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ பி.எச்டி. பண்ணுகிற பெண்ணோ பையனோ இருந்தால், “எப்பம்மா முடிப்ப?”, “எப்பத் தம்பி வேலைக்குப் போவ?” என்று இனிமேல் கேட்காதீர்கள். “இப்ப எதுல மாட்டிக்கிட்டு முழிக்கிற?” என்று கேளுங்கள். டீ மட்டும் கொஞ்சம் நிறையவே போட்டு வையுங்கள், கதை சீக்கிரத்தில் முடியாது.