ஒரே இழையில் ஒரு விளையாட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பேருந்து கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கியதும் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். போன மார்கழியில் என் முன்சீட்டுச் சிறுவன் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ பாதியில் நின்றது. உடனே அவன் குழாய்த் துண்டுகளைத் திருப்பித் திருப்பித் தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் ஆட்டத்துக்கு மாறினான். அதற்கு இணையம் தேவையில்லை. பக்கத்திலிருந்த பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம சிக்குக் கோலமாட்டம் இருக்கே கண்ணு” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் பாட்டி சொன்னது சரி.

இந்த வகை ஆட்டங்களில் பேர்போனது, 1989-இல் இங்கிலாந்தில் உருவான ‘பைப் மேனியா’. இன்று செல்போனில் இருப்பவை அதன் வாரிசுகள். ஒரு கட்டத்துக்கு நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கமும் திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். ஆக மொத்தம் 16 வகை. திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்து எண்ணினால் 6 வகைதான்.

இப்போது 7-க்கு 7 நேர்ப்புள்ளி வைத்த சிக்குக் கோலத்தைப் பாருங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே இழை குறுக்கே வெட்டிப் போகும், அல்லது வளைந்து திரும்பிவிடும். நான்கு பக்கமும் திரும்பினால் புள்ளியைச் சுற்றி வட்டம். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் நீர்த்துளி. எதிரெதிரே வெட்டினால் கண். இங்கும் அதே 16, அதே 6.

கணினிக்கு இதைச் சொல்லும் முறை அழகானது. மேலே திறந்தால் 1, வலம் 2, கீழே 4, இடம் 8 என்று வைத்துக் கூட்டுங்கள். மேல்பக்கமும் வலப்பக்கமும் திறந்த மூலைக்கட்டம் 3. அதை வலப்பக்கமாக ஒருமுறை திருப்ப, எண்ணை இரட்டித்தால் போதும்: 6. அடுத்து 12. அடுத்து 24, 15-ஐத் தாண்டினால் 15-ஐக் கழிக்க வேண்டும், எனவே 9. இன்னொரு முறை திருப்பினால் பழையபடி 3. 49 கட்டங்கள் கொண்ட பலகை முழுவதும் 25 பைட்டில் அடங்கிவிடும். ‘கள்ளக்குறிச்சி’ என்ற ஊர்ப்பெயரை யூனிகோடின் UTF-8 முறையில் எழுதவே 42 பைட் ஆகிறது!

கட்டங்களை இஷ்டத்துக்கு வாரி இறைத்தால் பெரும்பாலும் விடையே இல்லாத புதிர்தான் மிஞ்சும். அதனால் முதலில் விடையைக் கட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் திருப்பிக் கலைப்பார்கள். விடையைக் கட்டுவதில்தான் கோலத்தின் நுட்பம் இருக்கிறது. 49 புள்ளிக்கும் தனித்தனி வட்டம் இருப்பதாகத் தொடங்குங்கள். இரு வட்டங்களை ஒரு வெட்டால் இணைத்தால் எட்டு வடிவில் ஒரே இழையாகும். எங்கும் வளையம் விழாதபடி 48 முறை இணைத்தால் கோலம் முழுக்க ஒரே இழை. தப்பவே தப்பாது. அதற்குமேல் ஒரு வெட்டு சேர்த்தால் இழை பிரிந்துவிடலாம்: 2-க்கு 2 புள்ளியில் மூன்று வெட்டுக்கு ஓர் இழை, நான்காவது வெட்டில் இரண்டு. எல்லாப் பக்கமும் வெட்டிய செவ்வகக் கோலத்தில் இழைகளின் எண்ணிக்கை, இரு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொது வகுத்தி. 3-க்கு 4 புள்ளி என்றால் ஓர் இழை. 4-க்கு 4 என்றால் நான்கு. ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் நீங்களே நம்புவீர்கள்.

கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்கள் நம்மவர்களே. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். செல்போன் என்ற சொல்லே நம் ஊருக்கு வராத காலம் அது.

கைபேசிக்கு ஆட்டம் செய்பவர் விரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. ஆறரை சென்டிமீட்டர் அகலத் திரையில் 7 கட்டம் வரை வைக்கலாம். நம் 7-க்கு 7 கோலத்துக்கு அது கச்சிதம்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகளே, இந்த ஆட்டத்தைச் செய்ய விலையுயர்ந்த கருவியோ இணையமோ வேண்டாம். தமிழில் செய்யுங்கள், குழாய்க்குப் பதில் இழை ஓடட்டும். செய்து முடித்ததும் முதலில் உங்கள் பாட்டியிடம் ஆடக் கொடுங்கள்.