அலையின் நீளமும் அதிர்வின் எண்ணும்

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ரேடியோப் பெட்டி ஒன்று இருக்குமாயின், அதன் முகப்பிலுள்ள எண்களின் பொருளை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். 1939-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம், 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி உழவர்க்கு எடுத்துரைத்தது. அதைக் கேட்டுப் பயிரிட்ட தஞ்சைக் குடியானவர்கள் அதனை "ரேடியோ நெல்" என்றே அழைத்தனர். செய்தி தெளிவாகச் செவியில் விழுந்தாலன்றி இத்தகைய பயன் கிட்டாது.

நிலையத்திலிருந்து புறப்படுவது மின்காந்த அலையாகும். கண்மாயில் கல்லெறிந்தால் அலைகள் வட்டமிட்டுப் பரவுதல் போல, இவ்வலைகளும் பரவுகின்றன. ஆயின், இவற்றிற்கு நீரோ காற்றோ வேண்டுவதில்லை. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அலை நீளம் எனப்படும். ஒரு வினாடியில் ஓரிடத்தைக் கடக்கும் அலைகளின் தொகை அதிர்வெண் எனப்படும். இவ்வலைகளைச் சோதனையால் மெய்ப்பித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸின் பெயரால், வினாடிக்கு ஓர் அதிர்வை ஒரு ஹெர்ட்ஸ் என்பர். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோ ஹெர்ட்ஸ். பத்து லட்சம் ஹெர்ட்ஸ் ஒரு மெகா ஹெர்ட்ஸ்.

இவ்விரண்டிற்குமுள்ள தொடர்பு எளியது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தந்தையும் சிறுவனும் இணையாக நடந்து செல்வதாகக் கொள்வோம். தந்தையின் அடி நீளம். ஆதலின் எண்ணிக்கை குறைவு. சிறுவனின் அடி குட்டை. ஆதலின் எண்ணிக்கை மிகுதி. மின்காந்த அலைகள் யாவும் வெட்டவெளியில் வினாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்வதால், நீளம் குறையக் குறைய அதிர்வெண் பெருகும். 3,00,000 என்ற தொகையைக் கிலோ ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால், அலை நீளம் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

திருச்சி நிலையம் மத்திய அலையில் நெடுங்காலம் பயன்படுத்திய எண் 936 கிலோ ஹெர்ட்ஸ். அதன் அலை நீளம் சுமார் 320 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 192 அடி இராஜகோபுரத்தைப் போல ஐந்து மடங்கிற்கும் மேலானது இது. கொடைக்கானல் பண்பலையின் எண் 100.5 மெகா ஹெர்ட்ஸ். அதன் அலை நீளமோ ஏறக்குறைய 3 மீட்டரே.

நீண்ட அலை நிலத்தை ஒட்டி வளைந்து, மேடுகளைச் சுற்றியும் செல்லும். குட்டை அலை பெரும்பாலும் நேராகவே செல்லும். மலை குறுக்கிட்டால் அதன் மறைவில் வலுவிழக்கும். பண்பலை நிலையத்தை உயர்ந்த மலைமேல் அமைப்பதன் காரணம் இதுவே. கைப்பேசி அலைகள் இன்னும் குட்டையானவை. ஆகவே இராஜபாளையத்திற்கு மேற்கேயுள்ள மலை மடிப்புகளுள் அவை எட்டாத இடங்கள் இருத்தல் வியப்பன்று.

இவற்றை அறிந்தோர் செய்யத்தக்கவை சில. மத்திய அலை தெளிவாகக் கேளாவிடின் பெட்டியையே மெல்லத் திருப்ப வேண்டும். அலையை ஏற்கும் காந்தக் கோல் பெரும்பாலும் பெட்டியினுள்ளேயே உள்ளது. பண்பலைக்கோ வெளிக்கம்பியைச் சுமார் 75 சென்டிமீட்டர், அதாவது அலை நீளத்தில் காற்பங்கு, நீட்டி நிமிர்த்தி, பெட்டியை மலை மறைக்காத உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். பெருமழையில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் செயலற்றுப் போகும் நாளில், பாட்டரியால் இயங்கும் சிறு ரேடியோவே ஊருக்கு எச்சரிக்கை சொல்லும். அதனைப் பழுதின்றிப் பேணுவது சங்கத்தின் கடமையாகும்.