தேயும் டயரின் இரைச்சல்

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கார் டயரின் சீட்டில் இரைச்சல் அளவு டெசிபலில் அச்சாகியிருக்கும். பார்த்து வாங்குவது நல்லதுதான். ஆனால் அது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், இன்ஜினை அணைத்து உருளவிட்ட காரின் புது டயர் போடும் சத்தம். பாதையின் நடுவிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக் பதிவு செய்தது. காருக்குள் கேட்பதையோ, தேய்ந்தபின் கேட்பதையோ அது சொல்லாது. தேயத் தேய டயரின் பள்ளங்களில் சிக்கிப் பிதுங்கும் காற்று குறையுமே, சத்தமும் குறையாதா என்று கேட்கலாம். பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர் கட்டிகள், அதாவது பட்டன்கள், எல்லாம் சீராகத் தேய்ந்தால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. பெரும்பாலும் அப்படித் தேய்வதில்லை. பட்டனின் ஒரு விளிம்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்து ரம்பப் பல்லாகிவிடுகிறது. ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த்திசையில் விரல் இடறும். அந்த முனைகள் வரிசையாகத் தரையை அறைவதுதான் தேய்ந்த டயரின் முனகல். போதாக்குறைக்கு, ரப்பரும் வயதாக ஆக இறுகுகிறது.

இந்த முனகலைக் கேட்டால் வீல் பேரிங் போயிருக்கும் என்பார்கள் சிலர். இருக்கலாம். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பேரிங்கைப் பாருங்கள். சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்தான். சரியான காற்றழுத்தமும், டயர்களை முன்பின் மாற்றிப் போடுவதும், வீல் அலைன்மென்ட்டும் ரம்பத் தேய்மானத்தைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே ரம்பமாகிவிட்ட டயரை அலைன்மென்ட் மட்டும் உடனே அடக்கிவிடாது.