வண்டைச் சிறைவைக்கும் அல்லி

அமேசான் படுகையின் தேங்கிய நீர்நிலைகளில் வளரும் ராட்சத அல்லியை இலைக்காகவே பலருக்கும் தெரியும். இரண்டரை மீட்டர் அகல இலைமேல் குழந்தையை உட்காரவைத்து எடுத்த படங்களும் ஏராளம். எனக்கென்னவோ அதன் பூதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

பொழுது சாயும்போது பூ வெள்ளைவெளேரென்று விரிகிறது. சேர்த்துவைத்த மாவுச்சத்தை எரித்துத் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ்வரைகூட வெப்பம் ஏறும். அந்தச் சூட்டில் பழ வாசனை கிளம்பி நீர்ப்பரப்பெங்கும் பரவ, சைக்ளோசெஃபலா என்ற பேரினத்து வண்டுகள் மோப்பம் பிடித்து வந்து இறங்குகின்றன. அன்றிரவு பூ பெண். சூல்முடி தயார், மகரந்தப்பைகள் இன்னும் திறக்கவில்லை. வேறொரு பூவிலிருந்து வண்டு சுமந்துவந்த மகரந்தம் சூல்முடியில் ஒட்டுகிறது. உள்ளே மாவுச்சத்து நிறைந்த சதைப்பகுதி இருக்கிறது. அதைக் கடித்துத் தின்பதில் வண்டுகள் மும்முரமாக இருக்கும்போதே இதழ்கள் மூடிக்கொள்கின்றன.

மறுநாள் பகல் முழுக்க அவை கைதிகள். சாப்பாட்டுக்குக் குறைவில்லாத சிறை என்பதால் பெரிதாக அனுதாபப்படத் தேவையில்லை. இதற்குள் பூ இளஞ்சிவப்பாகி, ஆணாகவும் மாறிவிடுகிறது. மாலையில் இதழ்கள் திறந்ததும், தின்ற சாறு பிசுபிசுக்கும் உடம்போடு வண்டுகள் மகரந்தப்பைகளுக்கிடையே ஊர்ந்து வெளியேறுகின்றன, தூள் அப்பிக்கொள்கிறது. வாசனை போன சிவப்புப் பூவில் இனி அவற்றுக்கு வேலையில்லை. அக்கம்பக்கத்தில் அன்று புதிதாக மலர்ந்த வெள்ளைப் பூவுக்குப் பறக்கின்றன. பழைய பூ மூடி, நீருக்குள் அமிழ்ந்து காய்க்கத் தொடங்குகிறது. இந்த இரண்டு நாள் நாடகத்தைக் கிலியன் பிரான்ஸும் ஜோர்ஜே அரியாஸும் 1975இல் விரிவாகப் பதிவுசெய்தார்கள்.

பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் அல்லி வகைகள் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளை. போர்ச்சுகலில் கிடைத்த அல்லி வகைப் புதைபடிவப் பூக்களின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். பூக்கள் தோன்றும் முன்பே வண்டுகளும் ஈக்களும் பூமியில் இருந்தன. தேனீக்கள் பிறகு வந்தவை. ஆகவே பழங்கிளைப் பூக்கள் பலவற்றில் இன்றும் வண்டுகளும் ஈக்களும் நடமாடுவதில் வியப்பில்லை. அதற்காக ராட்சத அல்லியை ஆதிகாலப் பூவின் அச்சு அசல் என்று நினைத்துவிடக் கூடாது. கிளைதான் பழையது, சூடும் சிறையும் நிறமாற்றமும் அதில் எப்போது வந்து சேர்ந்தன என்பது தனிக் கணக்கு.

இங்கிலாந்தில் ராட்சத அல்லியை முதலில் பூக்கவைத்தவர் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தின் ஜோசப் பாக்ஸ்டன், 1849இல். அமேசான் வண்டு இல்லாத கண்ணாடி வீடுகளில் இன்றும் விதை வேண்டுமென்றால், தோட்டக்காரர் இருட்டிய பின் தூரிகையோடு போய்ச் சிவப்புப் பூவின் தூளை வெள்ளைப் பூவில் தடவிவிடுகிறார்.