இது எந்த ராஜா காசு மச்சி?

‘வீடு கட்டத் தோண்டினப்ப கிடைச்சுது தம்பி... ரோமன் தங்கக் காசு. அவசரம், பாதி விலைக்குத் தர்றேன்!’

பஸ் ஸ்டாண்டுல ஒரு அண்ணாச்சி இப்படி உங்க உள்ளங்கையில ஒரு காசை வெச்சா என்ன பண்ணுவீங்க? கடிச்சுப் பார்ப்பீங்களா? வேணாம் பாஸ்... எடை போடுங்க!

ரோமானியத் தங்கக் காசுக்கு ‘அவுரியஸ்’னு பேர். அகஸ்டஸ் காலத்துல ஒரு காசு சுமார் 7.8 கிராம். நம்ம ஊரு ஒரு பவுனுக்குக் கொஞ்சூண்டுதான் கம்மி! கி.பி. 64 வாக்கில் நீரோ அதை 7.3 கிராமுக்கு இறக்கிட்டார். 4-ம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் விட்ட ‘சாலிடஸ்’ வெறும் நாலரை கிராம். ஸோ, நாலரை கிராம் காசுல அகஸ்டஸ் முகம் தெரிஞ்சா... உஷார்!

அடுத்து எழுத்து. எஸ்.எம்.எஸ். பார்ட்டிகளுக்கெல்லாம் தாத்தா இந்த ரோமானியர்கள். ‘யு’வே கிடையாது, எல்லாம் ‘வி’தான். பாதி வார்த்தையைக் காணோம்! ‘ஏ.வி.ஜி.’ன்னா அகஸ்டஸ். உடனே, ‘ஆஹா, அகஸ்டஸ் காசு!’ன்னு குதிக்காதீங்க. பின்னால வந்த பேரரசர்களும் அதைப் பட்டமா போட்டுக்கிட்டாங்க. ‘டி.ஐ. சீஸர்’னு ஆரம்பிச்சா டைபீரியஸ். நடுவுல ‘கிளாவ்ட்’னு வந்தா கிளாடியஸ். ‘டி.ஆர்.பி.’ன்னு இருந்தா டி.வி. ரேட்டிங் இல்லீங்க... அது பேரரசர் வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்ட ஒரு அதிகாரம். பக்கத்துல இருக்கிற எண்ணை வெச்சே காசு அடிச்ச வருஷத்தை அமுக்கிடலாம்!

முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு இருந்தா ‘டுபாக்கூர்’னு தூக்கிப் போட்டுடாதீங்க. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 அவுரியஸ் கிடைச்சுது. பெரும்பாலானதுல ராஜா முகத்துல வெட்டு! இனி இது காசா செல்லாது, வெறும் தங்கம்தான்னு காட்ட வெட்டியிருக்கலாம்கிறது பரவலான கருத்து. அதுல நிறைய காசுகள் இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. (ஹூம்!)

நிஜமான டவுட், வார்ப்புக் காசு மேலதான். ரோமானியர்கள் சுத்தியலால அச்சடிச்சாங்க. ஓரத்துல அரம் போட்ட தடம், மேல குட்டிக்குட்டிக் குமிழ்க் குழி இருந்தா அது வார்த்தது. அங்கேயும் ஒரு ட்விஸ்ட். 1713-ல் ட்ரான்சில்வேனியாவில் கிடைச்ச ‘ஸ்பான்சியன்’ காசுகள் வார்த்தவை. அப்படியொரு பேரரசர் சரித்திரத்திலேயே இல்லைன்னு போலி லிஸ்ட்டுல போட்டுட்டாங்க. 2022-ல் லண்டன் ஆய்வாளர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தேய்மானக் கீறலையும் மேல ஒட்டியிருந்த மண்ணையும் காட்டி, ‘ஒரிஜினல்தான்’னாங்க. மற்ற நிபுணர்கள் ஒத்துக்கலை. சண்டை ஓடிக்கிட்டிருக்கு.

சரி, அண்ணாச்சி மேட்டருக்கு வருவோம். 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சாலே கலெக்டருக்குத் தகவல் சொல்லணும். ‘வாங்கண்ணே, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்’னு கூப்பிட்டுப் பாருங்க. அடுத்த பஸ்ல ஆளு எஸ்கேப்!