உங்களுக்குத் தெரியுமா? சவரக்கத்தியின் பிடியும் தீப்பற்றும்!
சோலிங்கன், ஷெஃபீல்டு நகரங்களில் உருவான பழைய மடக்குச் சவரக்கத்திகளைச் சேகரித்துச் சீரமைப்போர், அலகைவிடப் பிடியையே முதலில் ஆராய்வர். ஏனெனில், பல பிடிகளில் தந்தத்துக்கு மாற்றாக வந்து, 1870-இல் ஜான் வெஸ்லி ஹயாட் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு, நைட்ரிக் அமிலக் கலவையில் பதப்படுத்திய பஞ்சைச் சூடத்துடன் பிசைந்து ஆக்கப்பட்டதாகும். சிவகாசிப் பட்டாசில் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவதுபோல, இந்த நைட்ரேட் பொருளும் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால் எளிதில் தீப்பற்றும். நாள்பட்டுச் சிதையும்போது அது கசியவிடும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் காற்றின் ஈரத்தில் அமிலமாகி, பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகைத் துருவேற்றிக் குழிவிழச் செய்யும்; வெளியே நீண்டிருக்கும் வால்பகுதியோ பெரும்பாலும் பளபளப்பாகவே இருக்கும். அத்தகைய கத்தியில் பிடியை மாற்றாமல் அலகை மட்டும் மெருகேற்றுவது வீண்வேலை.