வீட்டுப் பட்டறையில் ஒரு சஸ்பென்ஷன்

பிற நாடுகளில் ஹைலக்ஸ் என்று அழைக்கப்படும் டொயோட்டா பிக்கப், நான்கு சக்கர இயக்கத்துடன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1979 மாடலில். அப்போதிருந்து 1985 மாடல் வரை அதன் முன் சக்கரங்கள் ஒரே திட ஆக்சிலின் இரு முனைகளில் சுழன்றன. அந்த ஆக்சிலைத் தாங்கியவை லீஃப் ஸ்பிரிங்குகள். 1986 மாடலில் இந்த ஏற்பாடு போய், சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பும் டார்ஷன் பாரும் வந்தன. தார்ச்சாலையில் அது சொகுசுதான். ஆனால் பாறைமேட்டில் வண்டி ஏற்றுபவர்கள் இன்றும் பழைய மாடலையே தேடிப் பிடிக்கிறார்கள். திட ஆக்சிலில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மறு சக்கரம் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது; அது எளிதில் தரையைவிட்டு எழுவதில்லை.

நாற்பது வயது தாண்டிய இந்த வண்டிகளின் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் தளர்ந்து தாழ்ந்திருக்கும். புதிதாகப் போடும்போது, தொழிற்சாலை கொடுத்ததைவிடத் தங்கள் பயன்பாட்டுக்குப் பொருத்தமான ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளலாம் என்று பலர் இறங்குகிறார்கள். வெல்டிங் மெஷின், கிரைண்டர், இரண்டு ஜாக், உறுதியான நான்கு ஸ்டாண்டு, தூக்குக்குண்டு, ரசமட்டம் ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். கடினமான பகுதி இரும்பு வேலை அன்று, கணக்கு.

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு லீஃப் ஸ்பிரிங் பழக்கமான பொருள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள், நடுவில் ஆக்சிலோடு யூ-போல்ட்டால் பிணைத்த கட்டு. ஒரு முனை சேசிஸில் நிலையாகப் பொருந்தியிருக்கும். மறு முனை ஷேக்கிள் என்னும் தொங்கு இணைப்பில் ஆடும். வளைந்த பட்டை அழுந்தும்போது நீளுமல்லவா, அந்த நீட்சிக்கு ஷேக்கிள் இடம் கொடுக்கிறது. எளிமையாகத் தோன்றினாலும் இந்தப் பட்டைக்கட்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஆக்சில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொள்கிறது. முடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் ஆக்சில் தன்மேல் தானே திருகிக்கொள்ளாமல் தடுக்கிறது. காயில் ஸ்பிரிங்குக்கு மாறுபவர்கள் இந்த மூன்றில் இரண்டை மறந்துவிடுவதே முதல் தவறு.

பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. 6 மில்லிமீட்டர் பட்டையை 8 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். நீளத்தைக் கால் பங்கு கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகும். மெத்தென்ற சவாரிக்குப் பட்டையை உருவி எடுப்பதைவிட நீளமான பட்டையைத் தேடுவதே மேல் என்பதற்கு இதுவே காரணம். அமெரிக்கப் பட்டறைகளில் செவ்ரோலெட் பிக்கப்பின் 63 அங்குலப் பின் ஸ்பிரிங்கை டொயோட்டாவின் பின்பக்கம் பொருத்துவதும், டொயோட்டாவின் பின் ஸ்பிரிங்கையே முன்பக்கத்துக்குக் கொண்டுவருவதும் வழக்கமானது இப்படித்தான். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சரக்கு என்பதால் செலவும் குறைவு.

இந்த வழியில் கவனிக்க வேண்டியவை சில. எடை ஏறி நிற்கும் நிலையில் ஷேக்கிள் செங்குத்தாகவோ தலைகீழாக மடியும் பக்கமாகவோ இருக்கக் கூடாது; பட்டை நீளும் திசைக்கு வழிவிட்டுச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். மென்மையான நீளப் பட்டை முடுக்கும்போது எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும் என்பதால், பின் ஆக்சிலுக்குத் தனியாக ஒரு முறுக்குத்தடுப்புக் கம்பி தேவைப்படலாம். பட்டையில் எங்கும் வெல்டிங் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய், அதே இடத்தில் ஒருநாள் முறியும்.

இன்னொரு வழி காயில் ஸ்பிரிங். அது எடையை மட்டுமே தாங்கும். மற்ற இரண்டு வேலைகளுக்கும் லிங்க் எனப்படும் கம்பிகள் வேண்டும். பின்பக்கம் பொதுவாக நான்கு லிங்க் அமைக்கிறார்கள். கீழ்க்கம்பிகள் இரண்டும் ஏறத்தாழ இணையாகச் செல்ல, மேல்கம்பிகள் இரண்டும் டிஃபரென்ஷியலை நோக்கிக் குவிகின்றன. அந்த முக்கோணம்தான் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. குவியும் கோணம் 40 டிகிரிக்குக் குறைந்தால் பிடி தளரும். ஆக்சிலில் மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் இடையே டயர் விட்டத்தில் கால் பங்கு உயர இடைவெளி இருக்கட்டும் என்பது அனுபவ விதி. 35 அங்குல டயருக்கு அது ஏறக்குறைய 9 அங்குலம். இடைவெளி குறையக் குறையக் கம்பிமீது விழும் விசை கூடும். அந்த விசையும் சாதாரணமானதல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ் கியர் 2.28 மடங்கு, டிஃபரென்ஷியல் 4.10 மடங்கு, முதல் கியர் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று பெருக்கினால், என்ஜினின் முறுக்கு 35 மடங்குக்கு மேல் வளர்ந்து ஆக்சிலுக்கு வருகிறது. கீழ்க்கம்பிக்கு 2 அங்குல விட்டமும் கால் அங்குலச் சுவரும் கொண்ட எஃகுக் குழாயைப் பலர் எடுப்பது அதற்காகத்தான். பாறையில் வண்டி தன் எடையோடு உட்காரும் இடமும் அந்தக் கம்பியே.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேல், கீழ்க் கம்பிகளின் நீட்சிக்கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும். ஆக்சில் அந்தக் கணத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றியே அசைகிறது. புள்ளி மிக உயரத்திலும் அருகிலும் இருந்தால், ஏற்றத்தில் முடுக்கும்போது பின்பக்கம் எம்பிக் குதிக்கும். மிகத் தாழ்ந்தால் பின்பக்கம் பதுங்கும். காகிதத்தில் பக்கத் தோற்றத்தை வரைந்து, கம்பி முனைகளை ஓரங்குலம் ஏற்றி இறக்கிப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். முனையில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இட்டு வைப்பவர் பிறகு சுலபமாகத் திருத்திக்கொள்ளலாம்.

முன்பக்கத்தில் என்ஜினின் எண்ணெய்த் தொட்டி குறுக்கே நிற்பதால் நான்கு கம்பிக்கு இடமில்லை. மூன்று லிங்கும், ஆக்சிலைக் குறுக்காகச் சேசிஸோடு இணைக்கும் பான்ஹார்டு கம்பியும் அங்கே பொருந்தும். 1979–85 டொயோட்டாவின் ஸ்டியரிங் கம்பி, இடது சக்கரத்தின் கையை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் வகை. வண்டியை உயர்த்தினால் அந்தக் கம்பியின் சாய்வு கூடி, மேட்டுப்பள்ளத்தில் ஓட்டுநர் கேட்காமலேயே சக்கரம் திரும்பும். ஆகவே 1986-க்குப் பிந்தைய மாடலின் ஸ்டியரிங் பெட்டியை வைத்து, இடமிருந்து வலச் சக்கரத்துக்குக் குறுக்கே செல்லும் கம்பியாக மாற்றுகிறார்கள். அந்தக் கம்பியும் பான்ஹார்டும் ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இதில் கவனக்குறைவு வந்தால் வண்டி ஓட்டத் தகுதியற்றது. வேறெந்தச் சிறப்பும் அதை ஈடுகட்டாது.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய அளவு உண்டு. வண்டியின் எடை ஸ்பிரிங்கை 100 மில்லிமீட்டர் அழுத்தினால் அது நிமிடத்துக்குச் சுமார் 95 முறை அதிரும். உடலுக்கு அது இதமான தாளம். 25 மில்லிமீட்டர் மட்டுமே அழுந்தினால் 190 முறை, மாட்டுவண்டிச் சவாரி. ஷாக் அப்சார்பரைச் செங்குத்துக்கு அருகில் பொருத்துவது நல்லது. 45 டிகிரி சாய்த்தால் அது சக்கரத்துக்குத் தரும் தணிப்பு பாதியாகிவிடும்.

வேலை வரிசையில், கம்பிகளையும் தாங்கிகளையும் முதலில் பொட்டு வெல்டிங்கில் நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஜாக்கால் ஆக்சிலை முழு உயரத்துக்கும் முழுத் தாழ்வுக்கும், ஒருபுறம் ஏற்றி மறுபுறம் இறக்கியும் அசைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் இடிப்பது, டயர் மட்கார்டைத் தொடுவது, பிரேக் ஹோஸ் இழுபடுவது, டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணம் தாண்டி உரசுவது எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். தடுப்பு ரப்பரின் இடமும், கீழே தொங்கும் அளவைக் கட்டும் பட்டியின் நீளமும் இப்போதுதான் முடிவாகும். ஷாக் அப்சார்பரின் உள்முனை தட்டுவதற்கு முன்பே அவை அசைவை நிறுத்த வேண்டும். அதன்பின் ஆக்சில் குழாயில் வெல்டிங் வைக்கும்போது சிறு சிறு கோடுகளாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செல்ல வேண்டும். ஒரே மூச்சில் இட்டால் குழாய் வளைந்து பேரிங்கைத் தின்னும்.

முடிந்த வண்டியின் நெகிழ்வை 20 டிகிரி சரிவுப் பலகையில் அளக்கிறார்கள். ஒரு முன் சக்கரம் பலகையில் ஏற, மற்றவற்றில் ஒன்று தரையைவிட்டு எழும் வரை வண்டியை ஓட்டி, ஏறிய தூரத்தை வண்டியின் சக்கர இடைத்தூரத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குகிறார்கள். இடைத்தூரம் அளவுக்கே ஏறினால் 1000 புள்ளி. இந்த எண்ணைத் துரத்தி வண்டியை மேலும் மேலும் உயர்த்துபவர்கள் உண்டு; உயரம் கூடினால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, பக்கச்சரிவில் கவிழும் கோணம் குறைகிறது. டயருக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் உயர்த்துவதே போதும்.

பழைய யூ-போல்ட்டை ஒருபோதும் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை முறுக்கியதில் அதன் மரை நீண்டிருக்கும். புதியதையும் மற்ற போல்ட்டுகளையும் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும் நிலையில், டார்க் ரெஞ்சால் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.